மணிக்கணக்கு மட்டும் போதுமா?
போர் விமானி, பயணி விமானம் ஓட்ட வரும்போது...

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். அடுத்தது திரிசூலம். எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். இடையில் மூன்றே மூன்று ஸ்டேஷன்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.

ஆனால் தாம்பரம் விமானப் படைத் தளத்தில் பறக்கும் ஒரு விமானி, மீனம்பாக்கத்தில் பயணிகளை ஏற்றிப் பறக்க வேண்டுமானால், அந்தப் பயணம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அதற்கு ஆண்டுக் கணக்கில் ஆகும். பரீட்சைகள் எழுத வேண்டும். பணம் செலவழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனதையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

"போர் விமானத்தையே ஓட்டியவருக்குப் பயணி விமானம் என்ன பெரிய காரியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. "அவர்கள் எப்போது பார்த்தாலும் வேகம் வேகம் என்று பறப்பவர்கள். நம்மை ஏற்றிக்கொண்டு போகச் சரிப்படுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்விகளிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. ஏனென்றால், அந்த விமானத்தில் ஏறப்போகிறவர்கள் பொதுமக்கள்தான்.

ஆசிரியர்களுக்கே ஆசிரியர்!

சேலையூர், கேம்ப் ரோடு பக்கத்துக் குடும்பங்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும்போது, தலைக்கு மேலே சிறு விமானம் ஒன்று வட்டமிடும். இறங்கும், தரையைத் தொடும், நிற்காமல் மறுபடியும் எழும்பும். "யாரோ பழகுகிறார்கள்" என்று நினைத்துக்கொள்வோம்.

பழகுவது உண்மை. ஆனால் அவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள் அல்லர். ஓட்டிக் கரை கண்டவர்கள். இப்போது சொல்லிக் கொடுக்கப் பழகுகிறார்கள்!

தாம்பரத்தில் இருப்பது விமானப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி. 1948-ல் அம்பாலாவில் தொடங்கியது. 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானப் படை, தரைப் படை, கடற்படை ஆகிய மூன்றிலிருந்தும் தேர்ந்த விமானிகள் இங்கே வருகிறார்கள். வெளிநாட்டு விமானிகளும் வந்து படித்திருக்கிறார்கள். இங்கே தேறியவர்கள்தான், மற்ற இடங்களில் இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

இங்கே கற்றுத் தரும் முக்கியமான பாடம் என்ன தெரியுமா? பேசுவது! கை விமானத்தை ஓட்டும்போதே வாய் அதைச் சொல்ல வேண்டும். "இப்போது மூக்கை உயர்த்துகிறேன். இப்போது வேகம் குறைகிறது. இப்போது இடது பக்கம் சாய்க்கிறேன்." பக்கத்தில் இருப்பவருக்கு ஒவ்வொன்றும் விளங்க வேண்டும். அதோடு, பக்கத்தில் இருப்பவர் தவறு செய்தால் உடனே கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிடுங்கவும் கூடாது. அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது.

இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வரவேண்டியிருக்கும்.

முதல் தபால் கொண்டுவந்தவர்

படையை விட்டு வந்து பொதுமக்கள் விமானம் ஓட்டுவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. சென்னைக்கு முதன்முதலில் டாட்டா கம்பெனியின் ஆகாயத் தபால் வந்ததே ஒரு பழைய போர்ப்படை விமானியின் கையால்தான்.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து சிறிய விமானம் ஒன்றில் தபாலுடன் புறப்பட்டார். ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலை எடுத்துவந்தவர் நெவில் வின்சென்ட். இவர் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். அதை விட்டு விலகியதும் இந்தியாவுக்கு வந்தார். ஊர் ஊராகப் போனார். காசு கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு வானத்தைச் சுற்றிக் காட்டினார். எந்த ஊரில் எங்கே இறங்கலாம், எந்தப் பருவத்தில் மேகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அப்படிப் பறந்து பறந்தே தெரிந்துகொண்டார். இந்தியாவில் தபால் விமானம் விடலாம் என்ற யோசனையை டாட்டாவிடம் கொண்டுபோனவரும் அவரே. 1942-ல், உலக யுத்தத்தின்போது, விமானப் பயணத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

கவனியுங்கள். படையில் கற்ற வித்தையை மட்டும் நம்பி அவர் தபால் விமானம் ஓட்ட வரவில்லை. நடுவிலே சில ஆண்டுகள் புதிய தொழிலைக் கற்றுக்கொண்டார். அதுதான் அவருடைய முதலீடு.

1945-ல் யுத்தம் முடிந்தது. மிச்சமான டக்கோட்டா விமானங்கள் மலிவாக விலைக்கு வந்தன. இந்தியாவில் புதுப் புது விமானக் கம்பெனிகள் முளைத்தன. யுத்தத்தில் பறந்தவர்கள் பலர் அந்தக் கம்பெனிகளுக்கு வந்தார்கள். 1953-ல் அரசாங்கம் அந்தக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, இந்தியன் ஏர்லைன்சை ஏற்படுத்தியது. அந்தக் காலத்திலிருந்தே படை விமானிகளுக்கும் பயணி விமானங்களுக்கும் உறவு உண்டு.

மணி என்றால் என்ன?

விமானியின் அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் சொல்வதில்லை. மணிக் கணக்கில் சொல்வார்கள். "இவர் 2,000 மணி பறந்தவர்", "அவர் 10,000 மணி பறந்தவர்" என்பார்கள். ஒவ்வொரு பறப்பையும் அன்றன்றே ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். இதற்கு லாக் புக் என்று பெயர். எந்த விமானம், எங்கிருந்து எங்கே, பகலா இரவா, தனியாகவா துணையோடா, எல்லாம் அதில் இருக்கும். மளிகைக் கடைக்காரருக்குப் பேரேடு எப்படியோ, விமானிக்கு லாக் புக் அப்படி.

நம் நாட்டில் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்சு பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயணி விமானத்தில் கேப்டனாக உட்காருவதற்கான மேல் லைசென்சுக்கு 1,500 மணி வேண்டும். மொத்த மணி மட்டும் போதாது. பொறுப்பேற்று ஓட்டிய மணி எத்தனை, இரவில் ஓட்டியது எத்தனை, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது எத்தனை என்று தனித்தனிக் கணக்கும் கேட்பார்கள்.

இனி, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர் விமானத்தின் ஒரு பறப்பு பல சமயம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எண்ணெய் அவ்வளவு வேகமாகத் தீரும். வேலையும் அவ்வளவு கடுமை. ஒரு விமானி வாரத்துக்கு நான்கு முறை, முறைக்கு முக்கால் மணி பறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 3 மணி. ஆண்டுக்கு 50 வாரம் பறந்தாலும் 150 மணிதான். 1,500 மணி சேர 10 ஆண்டு ஆகும்!

பயணி விமானத்தில் ஒரு துணை விமானி மாதம் 70 மணி பறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 840 மணி. இரண்டு ஆண்டுக்குள் 1,500-ஐத் தாண்டிவிடுவார். அதற்கும் மேலே ஆசைப்பட்டுப் பறந்துகொண்டே இருக்க முடியாது. ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. களைப்பு ஆபத்து என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

இப்போது சொல்லுங்கள். 10 ஆண்டு போர் விமானம் ஓட்டியவரும், 2 ஆண்டு பயணி விமானத்தில் துணையாக இருந்தவரும், காகிதத்தில் சமம். இது நியாயமா?

விலை கொடுத்த மணிகள்

படையில் சேர்த்த மணிகள் சும்மா வந்தவை அல்ல. தாம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

2016-ஆம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி காலையில், தாம்பரத்திலிருந்து ஓர் ஏ.என்.-32 விமானம் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. அதில் 29 பேர் இருந்தார்கள். வங்கக் கடலுக்கு மேலே அது காணாமல் போயிற்று. கப்பல்களும் விமானங்களும் பல நாள் தேடின. கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், கடலுக்கு அடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. கண்டுபிடித்தது எது தெரியுமா? தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையத்தின் நீர்மூழ்கிக் கருவி.

அந்த 29 குடும்பங்களும் ஏழரை ஆண்டு காத்திருந்தன. படையில் சேர்க்கும் ஒவ்வொரு மணிக்கும் பின்னால் இப்படி ஒரு குடும்பம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்படிச் சேர்த்த மணிகளை, "இது எங்கள் கணக்கில் வராது" என்று ஒரு குமாஸ்தா பேனாவால் தள்ளிவிடக் கூடாது. இது முதல் நியாயம்.

ஓய்வூதியம் இல்லாத ஆபீசர்கள்

இன்னொன்றும் உண்டு. விமானப் படையில் குறுகிய காலப் பணி என்று ஒரு முறை இருக்கிறது. பறக்கும் பிரிவில் இப்படிச் சேருகிறவர்களுக்கு 14 ஆண்டு வேலை. அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. ஆபீசர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டு சேவை வேண்டும். ஆகவே இவர்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லை.

இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவர், முப்பத்தாறு வயதில் வெளியே வருகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது. வீட்டுக் கடன் இருக்கும். வயதான தாய் தந்தையர் இருப்பார்கள். கையில் இருப்பது கொஞ்சம் ரொக்கமும், ஒரு லாக் புக்கும்தான். அந்த லாக் புக்தான் அடுத்த முப்பது ஆண்டுப் பிழைப்பு. பயணி விமானம் ஓட்ட 65 வயது வரை இடமுண்டு என்பதால், அந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு மதிப்பு.

அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் டெல்லியில் உள்ள விமானப் போக்குவரத்துத் தலைமை அலுவலகத்தின் லைசென்சு வேண்டும். அதற்குப் பரீட்சைகள் உண்டு. ஆகாய விதிகள், வழி கண்டுபிடித்தல், வானிலை, விமானத்தின் அமைப்பு என்று பாடங்கள். 100-க்கு 70 மார்க்கு வாங்க வேண்டும். ரேடியோவில் பேசுவதற்குத் தனிச் சான்றிதழ். முதல் வகுப்பு உடல் பரிசோதனை. அதன் பிறகு, கம்பெனி வைத்திருக்கும் விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி. இந்தப் பயிற்சி சிமுலேட்டர் என்ற பாவனை விமானத்தில் நடக்கும். இதற்கு லட்சக் கணக்கில் செலவாகும். அந்தச் செலவு பல சமயம் விமானியின் தலையிலேயே விழும்.

ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஹெலிகாப்டர் லைசென்சு வேறு. விமான லைசென்சு வேறு. மலை முகட்டிலும் வெள்ளத்திலும் ஹெலிகாப்டரை இறக்கியவராக இருந்தாலும், இறக்கை விமானம் ஓட்டுவதற்குப் புதிதாகப் படியேற வேண்டும்.

அமெரிக்கா சொல்லும் பாடம்

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு, அமெரிக்காவில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு பயணி விமானம் விழுந்தது. 50 பேர் மாண்டார்கள். நாடே கொதித்தது. "அனுபவம் இல்லாதவர்களை விமானம் ஓட்ட விடலாமா?" என்று கேட்டார்கள். 2010-ல் சட்டம் வந்தது. 2013-ல் விதி வந்தது. துணை விமானிக்குக்கூட 1,500 மணி வேண்டும் என்றார்கள்.

ஆனால் படை விமானிகளுக்கு மட்டும் 750 மணி இருந்தால் போதும் என்று சலுகை கொடுத்தார்கள். படையில் பெற்ற பயிற்சி கடுமையானது, ஒழுங்கானது, அதன் ஒரு மணியை இரண்டு மணியாக எண்ணலாம் என்பது அதன் பொருள். அதோடு, படைக் கணக்கில் விமானம் தரையில் ஓடும் நேரம் சேராது என்பதால், ஒவ்வொரு பறப்புக்கும் 0.2 அல்லது 0.3 மணி கூட்டிக்கொள்ளும் கம்பெனிகளும் அங்கே உண்டு. சிறு துளி பெரு வெள்ளம். ஆயிரம் முறை பறந்தவருக்கு 300 மணி கூடும் அல்லவா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த பஃபலோ விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணியைத் தாண்டியவர்கள்! கேப்டன் 3,000 மணிக்கு மேல் பறந்தவர். துணை விமானி 2,000 மணிக்கு மேல் பறந்தவர். வேகம் குறைந்து, "விழப் போகிறாய்" என்று கருவி எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன், பிடியைப் பின்னால் இழுத்துவிட்டார். மணி இருந்தது. அந்த நிமிஷத்துக்கு வேண்டிய பழக்கம் இல்லை.

அதே ஆண்டு, ஒரு மாதம் முந்தி, இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம். ஜனவரி 15-ந் தேதி, நியூயார்க்கில் ஒரு விமானம் புறப்பட்ட சில நிமிஷத்தில் பறவைக் கூட்டம் மோதி, இரண்டு என்ஜின்களும் சக்தி இழந்தன. கேப்டன் சல்லன்பர்கர், விமானத்தை ஹட்சன் ஆற்றிலே இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். சல்லன்பர்கர் யார்? அமெரிக்க விமானப் படையில் பேன்டம் போர் விமானம் ஓட்டியவர். 1980-ல் படையை விட்டுக் கம்பெனியில் சேர்ந்தவர்.

"பார்த்தீர்களா, போர் விமானியின் திறமை!" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். படையை விட்டு வந்து 29 ஆண்டுகள் அவர் பயணி விமானம் ஓட்டியிருந்தார். மொத்தம் 19,000 மணிக்கு மேல். பக்கத்தில் இருந்த துணை விமானி ஸ்கைல்ஸ், அந்த வகை விமானத்துக்குப் புதியவர். ஆனால் வேறு விமானங்களில் 15,000 மணிக்கு மேல் பறந்தவர். ஒருவர் ஓட்ட, மற்றவர் பட்டியலைப் பார்த்து என்ஜினை உயிர்ப்பிக்க முயன்றார். ஒருவர் கத்தவில்லை, மற்றவர் பயந்து வாயடைத்துப் போகவில்லை. இருவரும் சேர்ந்துதான் 155 பேரைக் காப்பாற்றினார்கள்.

தோளில் இருக்கும் பட்டை

இனி, எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தென்கொரியாவின் கொரியன் ஏர் கம்பெனிக்கு அந்நாட்டு விமானப் படையிலிருந்து நிறைய விமானிகள் வந்தார்கள். பெரியவர் சொன்னால் சின்னவர் மறுபேச்சுப் பேசாத வழக்கமும் விமானத்துக்குள் கூடவே வந்தது.

1997 ஆகஸ்டு 6-ந் தேதி, அந்தக் கம்பெனி விமானம் குவாம் தீவில் இறங்கும்போது மலையில் மோதியது. இருந்தவர்கள் 254 பேர். 228 பேர் மாண்டார்கள். கேப்டன் முன்னாள் விமானப் படை விமானி. 8,000 மணிக்கு மேல் பறந்தவர். இறங்கும் முறையைக் கேப்டன் சரியாகச் செய்யவில்லை. பக்கத்தில் இருந்த இருவரும் அதைச் சரியாகக் கவனித்துத் தடுக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கும்போது பாகன் வாய் திறக்க வேண்டும் அல்லவா? 2000-ல் அந்தக் கம்பெனி, வெளிநாட்டு நிபுணரை அழைத்துப் பயிற்சி முறையையே மாற்றியது. கேப்டன் தவறு செய்தால் துணை விமானி துணிந்து சொல்ல வேண்டும். கேப்டன் அதைக் கோபமில்லாமல் கேட்க வேண்டும் என்று பழக்கினார்கள். கம்பெனியின் பெயர் மறுபடியும் தலை நிமிர்ந்தது.

போர் விமானத்தில் பல சமயம் ஒருவரே ராஜா. முடிவும் அவருடையது; கையும் அவருடையது. கண் மூடித் திறப்பதற்குள் செயல்பட வேண்டும். பயணி விமானத்தில் அப்படி அல்ல. இருவர் சேர்ந்து ஓட்டுகிறார்கள். எழுதிவைத்த முறைப்படியே எல்லாம் நடக்க வேண்டும். சாமர்த்தியம் காட்டுவது அங்கே குற்றம். வயிற்றில் இருக்கும் சாப்பாடு குலுங்காமல் இறக்குவதே கெட்டிக்காரத்தனம்.

படையை விட்டு நாற்பது வயதில் வருகிறவர், முதலில் வலப்பக்க இருக்கையில் உட்கார வேண்டும். இடப்பக்கத்தில் கேப்டனாக இருப்பவருக்கு இருபத்தெட்டு வயதாக இருக்கலாம். நேற்று வரை நூறு பேர் சல்யூட் அடித்த மனிதர், இன்று ஓர் இளைஞரைப் பார்த்து, "சார், பட்டியல் முடிந்தது" என்று சொல்ல வேண்டும். இது சின்ன விஷயம் அல்ல. சொல்ல முடிந்தவர்தான் ஜெயிக்கிறார். தோளில் இருந்த பட்டையை வீட்டிலே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். அதில் இருந்த ஒழுக்கத்தை மட்டும் கூட எடுத்து வரவேண்டும்.

குறுக்கு வழி வேண்டாம்

மணி சேர்ப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதுதான் பொய்க் கணக்கு. 2011-ல் நம் நாட்டில், போலி மார்க்கு சர்டிபிகேட்டுக் கொடுத்துக் கேப்டன் லைசென்சு வாங்கிய சில விமானிகள் கைதானார்கள். ஆயிரக் கணக்கான லைசென்சுகளை அரசாங்கம் மறுபடியும் எடுத்துச் சரிபார்க்க வேண்டி வந்தது.

மளிகைக் கணக்கில் பொய் எழுதினால் பணம் போகும். லாக் புக்கில் பொய் எழுதினால் உயிர் போகும். அதுவும் எழுதினவருடைய உயிர் மட்டும் அல்ல. பின்னால் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேருடைய உயிர்.

என்ன செய்யலாம்?

படையில் பெற்ற மணிகளை முழு மரியாதையோடு எண்ண வேண்டும். விலகிப் போகும் விமானிக்கு அவருடைய பறப்புக் கணக்கைச் சரிபார்த்து, முத்திரை வைத்து, தாமதம் இல்லாமல் கொடுக்க வேண்டும். பதினான்கு ஆண்டு உயிரைப் பணயம் வைத்தவர், ஒரு காகிதத்துக்காக மாதக் கணக்கில் படியேறி இறங்கக் கூடாது. "போகிறவன் தானே" என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம். போகிறவனும் இந்த நாட்டு மக்களைத்தான் ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிறான்.

ஆனால், மணி இருக்கிறது என்பதற்காகப் புதிய படிப்பில் சலுகை கொடுக்கக் கூடாது. எண்ணிக்கையில் தாராளம் காட்டலாம். பயிற்சியில் தாராளம் கூடாது. பரீட்சையும், சிமுலேட்டர் பயிற்சியும், இருவர் சேர்ந்து ஓட்டும் பழக்கமும் ஒன்று குறையாமல் நடக்க வேண்டும். 5,000 மணி பறந்தவராக இருந்தாலும் சரி.

கம்பெனிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எத்தனை மணி?" என்று மட்டும் கேட்டால் போதாது. "பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்பாயா? நீ பார்த்த தவறைச் சொல்வாயா?" என்பதையும் சோதித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

படையில் இருக்கும் இளம் விமானிகள் முதல் நாளிலிருந்தே லாக் புக்கை ஒழுங்காக எழுத வேண்டும். விலகும் ஆண்டில் உட்கார்ந்து பழைய கணக்கைத் தேடினால் கிடைக்காது. முடிந்த பரீட்சைகளைப் பணியில் இருக்கும்போதே எழுதி முடிப்பது நல்லது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. "நாளைக்கே வேலை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் தரகரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் விலகி வந்த முதல் ஆண்டு கஷ்டமாகத்தான் இருக்கும். பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு பையனோடு சேர்ந்து அவரும் படிப்பார். "இந்த வயதில் பரீட்சையா?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். அந்தப் படிப்பு, நாளைக்கு ஒரு விமானம் நிறைய மனிதர்களை வீடு சேர்க்கும் படிப்பு.

தாம்பரத்துப் பாடம்

இப்போது மறுபடியும் சேலையூர் மொட்டை மாடிக்கு வருவோம்.

மேலே வட்டமிடும் சிறு விமானத்தில் இருவர் இருக்கிறார்கள். இருவரும் ஓட்டத் தெரிந்தவர்கள். ஆனால் ஒருவர் செய்வதை வாய்விட்டுச் சொல்கிறார். மற்றவர் கவனித்துத் திருத்துகிறார். யார் பெரியவர், யார் சின்னவர் என்ற பேச்சு அங்கே இல்லை.

பயணி விமானத்துக்கு வேண்டிய பாடமும் இதுவேதான். ஹட்சன் ஆற்றிலே 155 பேரைக் காப்பாற்றியது இது. குவாம் தீவிலே இல்லாமல் போனதும் இது. தாம்பரத்துப் பள்ளி இதை 1954 முதல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. படையை விட்டு விமானக் கம்பெனிக்கு வரும் ஒவ்வொரு விமானியும் இந்தப் பாடத்தைக் கையோடு கொண்டுவந்தால், அவருடைய மணிகள் ஒவ்வொன்றும் தங்கம்.

தாம்பரத்துக்கும் திரிசூலத்துக்கும் நடுவே மூன்றே ஸ்டேஷன்கள்தான். மணிக்கணக்கை எண்ணிக்கொண்டு வந்தால் அந்தத் தூரத்தில் பாதிதான் கடக்கலாம். மீதியைக் கடக்கப் பணிவு வேண்டும்.